கொண்டை ஊசி வளைவில் கண் எங்கே போகிறது? கேள்வி பதில்

ஓட்டுநரின் கண்ணசைவைக் கணினி மாதிரியாக்குவது என் வேலை. குன்னூரில் இருக்கிறேன். கேளுங்கள்.

கே: வளைவில் ஓட்டுநர் எதைப் பார்க்கிறார், அக்கா?

ப: 1994-ல் மைக்கேல் லேண்ட், டேவிட் லீ என்ற ஆய்வாளர்கள் இருவரும் எடின்பரோவில் ஒரு வளைவுச் சாலையில் இதைப் பதிவு செய்தார்கள். திரும்புவதற்கு ஓரிரு விநாடி முன்பே பார்வை வளைவின் உள்ஓரத்துக்குப் போய்விடுகிறது. அங்கே விளிம்பு துருத்தித் தெரியும் இடம் தொடுபுள்ளி. நேர்திசையிலிருந்து அது எவ்வளவு விலகியிருக்கிறது என்பது ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பணும் என்று சொல்லிவிடும். மேட்டுப்பாளையம் சாலையில் இடது வளைவென்றால், பாறையடி வடிகாலின் விளிம்புதான் அது.

கே: பளிச்சென்று தெரிவதைத்தானே கண் பார்க்கும்?

ப: 1998-ல் இட்டி, கோக் என்ற ஆய்வாளர்கள் தந்த கணினி மாதிரி, நிறம், வெளிச்சம், கோட்டுச் சாய்வு மூன்றையும் வைத்து அப்படித்தான் கணிக்கிறது. கேரட் கடையின் மஞ்சள் தார்ப்பாயை அது முதலில் காட்டும். ஓட்டுகிறவர் பார்ப்பதோ வெறும் சாலை விளிம்பை. செய்கிற வேலைதான் கண்ணை நடத்துகிறது.

கே: கல்லட்டி இறக்கத்தில் எந்த கியர்?

ப: செகண்ட். செங்குத்தான இடத்தில் ஃபர்ஸ்ட்.

கே: நான் லாரி ஓட்டுகிறேன் அம்மா. உள்ஓரத்தைப் பார்ப்பதே இல்லை, வண்டி போகப்போகிற தடத்தைத்தான் பார்ப்பேன்.

ப: வில்கி, வான் என்ற ஆய்வாளர்கள் இருவரும் உங்கள் பக்கம்தான் அண்ணே. சாதாரண வளைவில் தடமும் தொடுபுள்ளியும் அருகருகே இருப்பதால், கேமராப் பதிவில் பிரிப்பது கஷ்டம். கொண்டை ஊசியில் இரண்டும் விலகும். அங்கே உங்கள் பேச்சை நம்புகிறேன்.

கே (அதே அண்ணன்): பின்சக்கரம் உள்ளே வெட்டி வருமே? கண்ணாடியையும் பார்க்கணுமே?

ப: நல்ல கேள்வி! சால்வுச்சி, கிரே என்ற ஆய்வாளர்கள் 2004-ல் சொன்ன கணினி மாதிரியில், ஓட்டுநர் பார்ப்பது சாலையில் கிட்டே ஒரு புள்ளி, தூரத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். கண்ணாடிக்கு அதில் இடமில்லை. கண்ணாடிக்குப் போன கண் தூரப் புள்ளிக்கு எப்போது திரும்புகிறது என்பதைச் சேர்க்காமல், நம் மலைக்கு எந்த மாதிரியும் பொருந்தாது. திரும்பும்போது முதலில் எந்தப் பக்கக் கண்ணாடி?

கே (அதே அண்ணன்): திரும்புகிற பக்கம். அப்புறம் எதிரே வருகிற பஸ்.

ப: குறித்துக்கொண்டேன்.

கே: மேப்புக்காக போனை ஸ்டியரிங் அருகே வைத்தால்?

ப: வேண்டாம். மணிக்கு 40 கிலோமீட்டரில் 2 விநாடி குனிந்தால் வண்டி 22 மீட்டர் போயிருக்கும்.

கே: இறக்கத்தில் எந்த கியர், மேடம்?

ப: மேலே சொல்லியாயிற்று. போனையும் பார்க்காதீர்கள்.