முட்டி வீக்கம், முழங்கை வீக்கம்: நீங்கள் கேட்டவை

மன்னார்குடியில் டைல்ஸ் ஒட்டும் வேலை. முட்டிச் சில்லின் மேல் எலுமிச்சை அளவு வீக்கம், வலி குறைவுதான், காலை ஓரளவு மடக்க முடிகிறது. மூட்டுத் தேய்மானமா சார்?

தேய்மானமாகத் தெரியவில்லை தம்பி. எலும்பின் மேல் தோலும் தசைநாரும் உராயாமல் இருக்க உடம்பில் நூற்றுக்கு மேற்பட்ட சின்னப் பைகள் இருக்கின்றன. பர்சா என்போம். நாள் முழுக்க முட்டி போட்டால் அந்தப் பை அழற்சியாகி நீர் கோக்கும், அதுதான் பர்சைட்டிஸ். உங்கள் வீக்கம் மூட்டுக்கு வெளியே இருப்பதால்தான் காலை ஓரளவு மடக்க முடிகிறது. சில வாரம் முட்டி போடாதீர்கள். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், தினம் மூன்று வேளை. வேலைக்குத் திரும்பியதும் தடித்த முட்டிப்பட்டை இல்லாமல் தரையில் முட்டி போடவே கூடாது. அதை விட்டால் திரும்ப வரும், மருந்து மட்டும் காப்பாற்றாது.

எண்ணெய் போட்டு நீவினால் கரையும் என்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். அழற்சியான பையை அழுத்தினால் வீக்கம் கூடும். வீட்டில் ஊசியால் குத்தி நீர் எடுப்பது இன்னும் மோசம், கிருமி உள்ளே போய்விடும்.

அம்மாவுக்குச் சர்க்கரை. வரப்பில் விழுந்து முழங்கை சிராய்த்தது. இப்போது சிவந்து கொதிக்கிறது, ராத்திரி குளிர்ஜுரம்.

இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். சிராய்ப்பு வழியாகக் கிருமி பைக்குள் போயிருக்கலாம். பெரும்பாலும் தோலில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமிதான் காரணம். நீரை எடுத்துச் சோதிப்பார்கள், ஆன்டிபயாடிக் தருவார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது வேகமாகப் பரவும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். சர்க்கரை அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

திருபுவனத்தில் பட்டுத்தறி நெய்கிறேன். உட்கார்ந்தால் புட்டத்தில் எலும்பு குத்துகிற மாதிரி வலி.

உட்காரும் எலும்பின் கீழேயும் ஒரு பர்சா உண்டு. பலகையில் தடித்த ஃபோம் போடுங்கள், அரை மணிக்கொரு முறை எழுந்து நில்லுங்கள். வலி தொடைக்குக் கீழே இறங்கினால், கால் மரத்தால், முதுகுத்தண்டையும் பார்க்க வேண்டும்.

வலிமாத்திரை, ஸ்டீராய்டு ஊசி போடலாமா?

ஐபுப்ரோஃபென் போன்றவை சில நாள் உதவும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். ஸ்டீராய்டு ஊசி, கிருமி இல்லை என்று உறுதியான பிறகுதான். சர்க்கரை சில நாள் ஏறும். மூட்டு திடீரென்று வீங்கும் பழக்கம் இருந்தால் யூரிக் அமிலமும் சோதியுங்கள், கௌட் (யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்கும் நோய்) இருந்தாலும் இந்தப் பை வீங்கும்.