அப்பாவுக்குப் புரோஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய்க்கு ஒப்பரேசன் செய்யப்போகிறார்கள். அடிவயிற்று ஒப்பரேசனுக்குப் பிறகு ஆண்களுக்குக் கவட்டில் ஹேர்னியா (குடலிறக்கம்) வருமா?

வரலாம். எங்கள் மாமாவுக்கு வந்தது. உங்கள் அப்பாவுக்குச் செய்யப்போவது போலவே, புரோஸ்டேட் புற்றுநோய்க்காகத் தொப்புளுக்குக் கீழே வெட்டிச் சுரப்பியை எடுத்தவர்கள். புற்றுநோயைப் பற்றி எல்லாம் விளங்கப்படுத்தினார்கள். கவட்டில் குடல் இறங்கலாம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

மாமா மட்டக்களப்புப் படுவான்கரையில் வெள்ளாமை செய்கிறவர். ஒப்பரேசன் முடிந்து 10 மாதம் கழிய, நெல்லு மூட்டை ஏற்றுகிற நேரம், வலப்பக்கக் கவட்டில் எலுமிச்சங்காய் அளவு வீக்கம். நின்றால் தெரியும், படுத்தால் மறையும். ஓதமாக்கும் (விதைப்பையில் நீர் கோப்பது) என்று நினைத்து, வெட்கத்தில் மாமிக்கும் சொல்லாமல் 3 மாதம் சாறனை இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். இருமும்போதெல்லாம் அந்த இடத்தைக் கையால் பொத்துவதை மாமிதான் கவனித்தா. பிறகு வலை வைத்துத் தைத்தார்கள், இப்போது சுகம்.

ஆண்பிள்ளை கருவில் இருக்கும்போது விதை வயிற்றுக்குள்ளிருந்து கீழே இறங்கிய வழி கவட்டில்தான் இருக்கிறது. இருமினாலும் முக்கினாலும் அங்குள்ள தசைகள் இறுகி அந்த வாயை மூடிக்கொள்ளும். பக்கத்தில் வெட்டி விரித்து வேலை செய்யும்போது அந்த மூடல் தளர்ந்துவிடுகிறது என்பதுதான் பலரும் சொல்லும் காரணம். சிலருக்கு வெளியே தெரியாத சிறு ஹேர்னியா முதலே இருந்திருக்கும். வயிற்றைத் திறந்து புரோஸ்டேட்டை எடுத்தவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 15 பேருக்கு இது வருகிறது, அதுவும் பெரும்பாலும் முதல் 2 வருடத்துக்குள். வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்தால் குறைவு. சிறுநீர்ப் பாதையால் கருவி விட்டுப் புரோஸ்டேட்டைச் சுரண்டி எடுப்பது வேறு விசயம், அதில் வயிற்றை வெட்டுவதே இல்லை.

அதனால் ஒப்பரேசனுக்கு முன்னமே டொக்டரிடம் கேளுங்கள்: அப்பாவை நிற்க வைத்து, இருமச் சொல்லி, இரண்டு கவட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹேர்னியா இருந்தால் அதே ஒப்பரேசனிலேயே தைத்துவிட வாய்ப்புண்டு. சுருட்டு, பீடி இருந்தால் இப்போதே விடச் சொல்லுங்கள். மலச்சிக்கலையும் நாட்பட்ட இருமலையும் சும்மா விடாதீர்கள்.

பிறகு வீக்கம் வந்து, படுத்தும் உள்ளே போகாமல் கல்லுப்போல் இறுகி, நோவும் சத்தியும் சேர்ந்தால் குடல் நெரிபடுகிறது என்று அர்த்தம். எண்ணெய் தடவிக்கொண்டோ அமத்திப் பார்த்துக்கொண்டோ இருக்காமல், நடுச்சாமமென்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அப்பாவும் எங்கள் மாமாவைப்போல வாய் திறக்காதவரென்றால், ஒவ்வொரு கிளினிக்குக்கும் நீங்களும் கூடப் போய், கவட்டைப் பற்றி நீங்களே கேளுங்கள்.