வியட்நாம் பாடத்தை அரிசியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். வியட்நாம் என்றதும் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது அமெரிக்காவுடன் நடந்த போர் மட்டுமே. தூத்துக்குடியில் வியட்நாம் நிறுவனமான வின்ஃபாஸ்டின் மின்சார கார் ஆலை திறக்கப்பட்ட செய்தியைப் படித்துவிட்டு, "கம்யூனிஸ்ட் கட்சி ஆளும் நாட்டில் கார் கம்பெனி முதலாளி எப்படி வந்தார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். இன்றைய வியட்நாமுக்கு ஐந்து பாடவேளைகள் ஒதுக்க முடியும். புரொஜெக்டர் கிடையாது. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: அந்த மாணவியின் கேள்வியைக் கரும்பலகையின் மேல் மூலையில் எழுதி, ஐந்து நாளும் அழிக்காமல் வைத்திருங்கள். அதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது.

வழக்கமாக இந்தப் பாடம் ஒரே தடத்தில் ஓடும். 1975இல் போர் முடிந்தது, 1986இல் கட்சி மாநாடு கூடியது, 'டோய் மோய்' என்ற சீர்திருத்தம் வந்தது, நாடு வளர்ந்தது. தேதிகள் எல்லாம் சரிதான். ஆனால் இந்த வரிசையில் கேட்கிற மாணவர், ஹனோயில் சில தலைவர்கள் ஒருநாள் மனம் மாறி நாட்டையே மாற்றிவிட்டார்கள் என்று எண்ணிக்கொள்வார். நடந்தது பெரும்பாலும் தலைகீழ். வயிறு காய்ந்தவர்கள் முதலில் விதியை மீறினார்கள். உள்ளூர் அதிகாரிகள் சிலர் கண்டும் காணாமல் இருந்தார்கள், சிலர் துணையே நின்றார்கள். சட்டம் பின்னால் வந்தது. மாணவர்கள் இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

ஆகவே முதல் பாடவேளையை அரிசிக்குக் கொடுங்கள். போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் நகரவாசிகள் அரிசி, இறைச்சி, துணி, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் அரசுக் கடைகளில் கூப்பன் கொடுத்தே வாங்கினார்கள். அரசு ஊழியர் ஒருவருக்கு மாதம் 13 கிலோ தானியம். அதிலும் எல்லா மாதமும் முழுக்க அரிசியாகக் கிடைக்காது. விடியும் முன்பே வரிசை நீண்டுவிடும் என்பதால், பெயர் எழுதிய செங்கல்லை இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் வருவார்கள். கிழிந்த தொப்பி, பழைய கூடை, எது கிடைத்தாலும் வரிசையில் ஆளுக்குப் பதில் நிற்கும். சோகமாக இருப்பவரைப் பார்த்து 'அரிசிப் புத்தகத்தைத் தொலைத்தவன் முகம்' என்று சொல்லும் வழக்கு அந்தக் காலத்தில் பிறந்து இன்றும் புழங்குகிறது. ஹனோயின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆசிரியர்களும் பேராசிரியர்களும் குளியலறையில் பன்றி வளர்த்துச் சம்பளப் பற்றாக்குறையை ஈடுகட்டினார்கள். இந்த ஒரு தகவலைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்; மீதிப் பாடவேளையை மாணவர்களின் கேள்விகளே நடத்திவிடும்.

நம் ரேஷன் கடையோடு ஒப்பிட்டுப் பேச அவர்கள் உடனே வருவார்கள். வரட்டும். ஆனால் ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் ரேஷன் போதாவிட்டால் பக்கத்து மளிகைக் கடையில் வாங்கலாம். அங்கே அந்தப் பக்கத்துக் கடைதான் கள்ளச்சந்தை.

இரண்டாம் பாடவேளைக்கு ஒரு நாடகம் போடுங்கள். மேசை நாற்காலியைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை. ஒருவர் மீகாங் டெல்டா விவசாயி, ஒருவர் அரசுக் கொள்முதல் அதிகாரி, ஒருவர் ஹோ சி மின் நகரத்தின் உணவுத் துறைப் பொறுப்பாளர், மற்றவர்கள் பசியோடு காத்திருக்கும் நகர மக்கள். அரசு தரும் விலை சந்தை விலையில் ஐந்தில் ஒரு பங்குதான். விவசாயி விற்க மாட்டார். நெல் விளையும் டெல்டா கூப்பிடு தூரத்தில் இருக்க, நகரத்தில் அரிசி இல்லை. பொறுப்பாளர் என்ன செய்ய வேண்டும் என்று வகுப்பையே கேளுங்கள்.

அவர்கள் வாதிட்டு முடித்த பிறகு உண்மைக் கதையைச் சொல்லுங்கள். பா தி என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட நுயென் தி ராவ், நகர மக்களுக்கு அரிசி கொண்டுவரும் பொறுப்பை ஏற்ற பெண்மணி. சந்தை விலை கொடுத்து டெல்டாவில் அரிசி வாங்கினார். விதிப்படி அது குற்றம். அப்போது நகரக் கட்சித் தலைமையில் இருந்த வோ வான் கியெட் அவருக்குப் பின்னால் நின்றார். 'உன்னைச் சிறையில் போட்டால் நானே சோறு கொண்டுவருகிறேன்' என்று அவர் வாக்குக் கொடுத்ததாக வியட்நாமில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். சோறு கொண்டுபோக வேண்டிய நிலை வரவில்லை. 1990களில் கியெட் நாட்டின் பிரதமரானார். இப்படி விதியை மீறியதற்கு 'வேலியை உடைத்தல்' என்று அங்கே பெயர். லாங் ஆன் மாகாணம் கூப்பனை ஒழித்து அதன் மதிப்பைச் சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்ததும் அதே வகை மீறல்தான்.

வடக்கில் இதற்கு முன்பே ஒரு கதை உண்டு, சோகமான கதை. 1966இல் வின் ஃபுக் மாகாணக் கட்சிச் செயலாளர் கிம் ஙோக், கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பங்களுக்கு ஒப்பந்த முறையில் பிரித்துவிட்டார். விளைச்சல் கூடியது. 1968இல் கட்சியின் கொள்கைக் காவலராக இருந்த ட்ருவோங் சின் அதைக் கண்டித்து நிறுத்தினார். கிம் ஙோக் தம் முறை வென்றதைப் பார்க்காமலே 1979இல் இறந்துபோனார். அதே ட்ருவோங் சின் 1986இல் சில மாதங்கள் பொதுச்செயலாளராக இருந்தபோது, சீர்திருத்தத்துக்கு வழிவகுத்த மாநாட்டு அறிக்கையைத் திருத்தி எழுதச் செய்தார். ஒரே மனிதர், ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளி. 'அவர் மாறியது ஏன்?' என்று ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொல்லிப் பாருங்கள். பணவீக்கம் 700 சதவீதத்தைத் தாண்டியது, 1985இல் நாணயத்தை மாற்றிய நடவடிக்கை படுதோல்வி அடைந்தது, சோவியத் உதவி என்றும் நீடிக்காது என்று தெரிந்தது எனக் காரணங்களை அவர்களே அடுக்குவார்கள்.

அதன் பிறகு கரும்பலகையில் இரண்டு பத்திகள் வரைந்து, ஒன்றில் 'நடந்தது', மற்றதில் 'சட்டமானது' என்று எழுதுங்கள். கிம் ஙோக்கின் ஒப்பந்தம் 1966. கட்சி அதை அரைமனதாக ஏற்ற 100ஆம் உத்தரவு 1981. விவசாயக் குடும்பத்தை முழுமையாக உற்பத்தி அலகாக ஏற்ற 10ஆம் தீர்மானம் 1988. மறு ஆண்டே, அதாவது 1989இல், அதுவரை அரிசி இறக்குமதி செய்துவந்த நாடு பத்து லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தது. நிலமும் அதே நிலம், ஆட்களும் அதே ஆட்கள்.

வெளியுலகக் கதவு திறந்த வரலாற்றுக்குப் பத்து நிமிடம் போதும். 1987இல் அந்நிய முதலீட்டுச் சட்டம், 1995இல் அமெரிக்காவுடன் தூதரக உறவும் ஆசியான் உறுப்பினர் இடமும், 2000 முதல் தனியார் தொழில் தொடங்குவதை எளிதாக்கிய சட்டம், 2007இல் உலக வர்த்தக அமைப்பு. மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். சுவரில் ஒட்டிவிட்டால் தேவைப்படும்போது பார்த்துக்கொள்வார்கள்.

மூன்றாம் பாடவேளை ஆலைக்கு. முந்தைய நாளே வீட்டில் இருக்கும் காலணி, சட்டை, கைபேசி ஆகியவற்றில் எங்கே தயாரானது என்று பார்த்து எழுதிவரச் சொல்லுங்கள். நைக்கி காலணிகளில் ஏறத்தாழ பாதி வியட்நாமில் தயாராகிறது. சாம்சங் தன் மிகப் பெரிய கைபேசி ஆலைகளைப் பாக் நின், தாய் நுயென் மாகாணங்களில் வைத்திருக்கிறது. கேட்பவர் வியக்கும் இந்த இடத்தில் ஆசிரியர் ஒரு முட்டுக்கட்டை போட வேண்டும்: நாட்டின் ஏற்றுமதியில் 70 சதவீதத்துக்கு மேல் அந்நிய நிறுவனங்களுடையது. உதிரிபாகங்களில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. பெட்டியில் எழுதியிருக்கும் விலையில் வியட்நாமுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது? இந்தக் கேள்வி ஸ்ரீபெரும்புதூருக்கும் பொருந்தும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.

ஆலைக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைக் காட்ட 2015ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஹோ சி மின் நகரில் தைவான் நிறுவனத்தின் மாபெரும் காலணி ஆலை. பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கியிருக்கும் பெண்கள். வேலையை விட்டால் சமூகக் காப்புறுதிப் பணத்தை மொத்தமாக எடுத்துக்கொள்ள முடியாது, ஓய்வு வயது வரை காத்திருக்க வேண்டும் என்று புதிய சட்டம் சொன்னது. பெண்களுக்கு அப்போது ஓய்வு வயது 55. நாற்பது வயதுக்கே ஆலை நம்மை வைத்துக்கொள்ளுமா என்று தெரியாதவர்களுக்கு அது எட்டாத தூரம். பல்லாயிரம் பேர் வெளியே வந்தார்கள். அவர்களுடைய கோபம் முதலாளி மீது இருந்ததைவிட அரசின் சட்டத்தின் மீதே இருந்தது. தொழிற்சங்கமோ கட்சியின் கீழ் இயங்குவது. அது அவர்களை அழைக்கவில்லை. ஜூன் மாதம் தேசியப் பேரவை பணிந்து, பணத்தை மொத்தமாக எடுக்க வழிவிட்டது. 'நடந்தது, சட்டமானது' பத்திகளில் இதையும் ஒரு மாணவர் எழுந்துவந்து எழுதட்டும்.

இதே தொழிலாளிகளைப் பற்றி இன்னொன்று. நகரத்தில் பல்லாண்டு வேலை பார்த்தாலும் குடும்பப் பதிவு சொந்த ஊரிலேயே இருந்ததால், பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்ப்பதே பலருக்குப் பெரும்பாடாக இருந்தது. அந்தக் காகிதப் பதிவேடு 2022 முடிவோடுதான் ஒழிந்தது. 2021 அக்டோபரில் கொரோனா ஊரடங்கு தளர்ந்ததும், மோட்டார் சைக்கிளில் மூட்டை, குழந்தை, சமையல் பாத்திரத்தோடு ஹோ சி மின் நகரத்தை விட்டு டெல்டாவுக்குத் திரும்பியவர்களின் கூட்டம் நெடுஞ்சாலைகளை அடைத்தது. வளர்ச்சி வரைபடம் ஒன்றைக் காட்டுவதைவிட அந்தக் காட்சியை விவரிப்பது மேல் என்பது என் கருத்து.

நான்காம் நாள் மாணவியின் கேள்விக்கு நேராகப் போகலாம். வின்ஃபாஸ்டின் பின்னால் இருக்கும் ஃபாம் நியட் வூங் மாஸ்கோவில் நிலவியல் துறையில் படித்தவர். சோஷலிச நாடுகளுக்கு மாணவர்களை அனுப்பிய அரசுத் திட்டத்தின் பிள்ளை. சோவியத் ஒன்றியம் உடைந்தபோது உக்ரைனில் உடனடி நூடுல்ஸ் தயாரித்து விற்றுப் பணம் சேர்த்தார். அதை வியட்நாமுக்குக் கொண்டுவந்து விடுதி, வணிக வளாகம், வீட்டுமனை எனப் போட்டார். கார் நிறுவனம் 2017இல்தான் வந்தது, தூத்துக்குடி ஆலை 2025இல். பதிலின் சாரம் வீட்டுமனையில் இருக்கிறது. வியட்நாமில் நிலம் சட்டப்படி மக்கள் அனைவருக்கும் சொந்தம், நிர்வகிப்பது அரசு. தனியார் பெறுவது பயன்படுத்தும் உரிமை மட்டுமே. யாருக்கு எந்த நிலம், எந்த விலையில் என்பதை அதிகாரிகள் முடிவு செய்கிற நாட்டில் முதலாளி கட்சிக்கு எதிராக வளர முடியாது, கட்சியின் நிழலில்தான் வளர முடியும். நிலத்தை இழந்த விவசாயிகளின் போராட்டங்களுக்கும், பெரும் ஊழல் வழக்குகளுக்கும் வேர் இதே இடம்தான். மாணவி புத்திசாலி, இதைக் கேட்டால் அடுத்த கேள்வியோடு வருவாள்.

சில எச்சரிக்கைகள். 1993இல் 58 சதவீதமாக இருந்த வறுமை 2008இல் 14.5 சதவீதமானது என்பது உலக வங்கிக் கணக்கு. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மிஞ்சிய ஏழைகளில் பெரும்பங்கினர் மக்கள்தொகையில் ஏழில் ஒரு பங்கு மட்டுமே உள்ள சிறுபான்மை இனத்தவர், மலைவாசிகள் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். 1975க்குப் பிறகு படகேறித் தப்பிய லட்சக்கணக்கானவர்களைத் தாண்டிப் போகாதீர்கள். தெற்கின் சந்தை மரபும் சீன வம்சாவளி வணிகர்கள் பட்ட பாடும் அந்தக் கதைக்குள் இருக்கின்றன. இந்தியா முந்துமா வியட்நாம் முந்துமா என்று பட்டிமன்றம் வைக்க எவரேனும் யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். பத்துக் கோடிப் பேர் உள்ள நாட்டையும் நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள நாட்டையும் அப்படி நிறுத்தினால் கைத்தட்டல் மட்டும்தான் மிஞ்சும்.

ஐந்தாம் பாடவேளையில் ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆளைக் கொடுங்கள்: 1979இல் வரிசையில் நிற்கும் ஹனோய் எழுத்தர், 1989இல் டெல்டா விவசாயி, 2015இல் காலணி ஆலைப் பெண், இன்று தூத்துக்குடிக்கு அனுப்பப்படும் வியட்நாம் பொறியாளர். அந்த ஆளின் ஒரு மாத வரவு செலவைக் கணக்கு வடிவில் எழுதட்டும். தொகை துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. எதற்கு அரசை நம்பினார், எதற்குச் சந்தையை நம்பினார் என்ற பிரிப்புக்கு மதிப்பெண் போடுங்கள்.

சுவரில் மாட்ட வரைபடம் வாங்குவதானால் பதிப்பாண்டைப் பாருங்கள். 63 மாகாணங்கள் 2025 ஜூலை முதல் 34 ஆகிவிட்டன. லாங் ஆன், வின் ஃபுக் பாடத்தில் வருவதால் பழைய வரைபடமும் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.