சாலினாய்டு தானாக அடிப்பதும் யூஎஸ்பி அறுந்துபோவதும் ஏன்?

கேள்வி: வீட்டில் செய்த ஆர்கேட் பெட்டியில், பின்பால் ஆட்டங்களுக்கு 24 வோல்ட் சாலினாய்டு (மின்சாரம் பாய்ந்தால் தண்டை இழுத்து அடிக்கும் மின்காந்தச் சுருள்) ஒன்றையும் கார் ஆட்டங்களுக்கு 12 வோல்ட் அதிர்வு மோட்டார் ஒன்றையும், ஆர்டுயினோ யூனோ என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டிலிருந்து ஐஆர்எஃப்540 மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) வழியாக இயக்குகிறேன். ஆட்டத்தைத் தொடங்கும்போதே சாலினாய்டு ஒருமுறை தானாக அடிக்கிறது. மாஸ்ஃபெட் தொட முடியாதபடி சுடுகிறது. சில அடிகளுக்குப் பிறகு யூஎஸ்பி இணைப்பு அறுந்துவிடுகிறது. ரிலேவுக்கு (காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டாம். ரிலேயின் முனைகள் தீப்பொறியில் தேய்ந்துவிடும். மோட்டாரின் அதிர்வைக் கூட்டவோ குறைக்கவோ அதனால் இயலாது. நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுகளுக்கும் காரணங்கள் வெவ்வேறு. மூன்றும் மாஸ்ஃபெட்டை வைத்துக்கொண்டே தீரக்கூடியவை.

சூட்டை முதலில் பார்ப்போம். ஐஆர்எஃப்540 முழுமையாகத் திறக்க அதன் கேட் எனும் கட்டுப்பாட்டு முனைக்கு 10 வோல்ட் வேண்டும். யூனோ தருவது 5 வோல்ட்தான் என்பதால் அது அரைகுறையாகத் திறந்து, மிச்ச மின்திறனை வெப்பமாக்குகிறது. ஐஆர்எல்இசட்44என் போன்ற, 5 வோல்ட்டிலேயே திறக்கும் வகையை வாங்குங்கள். சாலினாய்டின் காயில், அதாவது கம்பிச்சுருளின் மின்தடை 12 ஓம் என்றால் 24 வோல்ட்டில் 2 ஆம்பியர் ஓடும். அந்த மின்னோட்டத்தில் இந்த மாஸ்ஃபெட் வீணாக்குவது ஏறத்தாழ 0.1 வாட் மட்டுமே.

தானாக அடிப்பதற்குக் காரணம், கணினி, யூனோவுடன் பேசும் சீரியல் போர்ட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் யூனோ ரீசெட் ஆவதுதான். அந்தச் சிறு இடைவெளியில் யூனோவின் பின்கள் (இணைப்பு முனைகள்) எதனுடனும் பிணைப்பின்றி மிதக்கின்றன. கேட்டில் தங்கும் சிறிதளவு மின்னூட்டமே மாஸ்ஃபெட்டைத் திறந்துவிடும். கேட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றைப் பற்றவைத்தால் இது நின்றுவிடும். நீங்கள் 13ஆம் பின்னைப் பயன்படுத்தியிருந்தால் அதையும் மாற்றுங்கள், ஏனெனில் ரீசெட்டின்போது பூட்லோடர் (யூனோ தொடங்கும்போது முதலில் ஓடும் சிறு நிரல்) அந்தப் பின்னை மின்னவைக்கிறது.

யூஎஸ்பி அறுந்துபோவதுதான் அதிக கவனம் கோருவது. காயிலில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தும்போது, அதன் காந்தப்புலம் சரிந்து, பல மடங்கு உயர்ந்த மின்னழுத்தத்தை எதிர்த்திசையில் எழுப்புகிறது. அதுவே யூஎஸ்பி இணைப்பைக் குலைக்கிறது. அதற்கு வடிகாலாக 1என்4007 டையோடு (ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் உறுப்பு) ஒன்றைக் காயிலின் இரு முனைகளுக்கும் குறுக்கே, கோடு போட்ட பக்கம் 24 வோல்ட் நேர்முனையில் இருக்குமாறு, போர்டில் அல்லாமல் காயிலிலேயே இணைக்க வேண்டும். திருப்பிப் போட்டால் மாஸ்ஃபெட் திறந்த நொடியில் அது குறுக்குச்சுற்றாகிவிடும். மோட்டாருக்கும் இதேபோல் ஒரு டையோடு தேவை. அடுத்து கிரவுண்ட்: காயிலிலிருந்து திரும்பும் 2 ஆம்பியர், தடித்த கம்பியில் நேராக 24 வோல்ட் சப்ளைக்குப் போக வேண்டும், யூனோவின் கிரவுண்டை அந்தச் சப்ளையின் எதிர்முனையில் ஒரே இடத்தில் மட்டும் சேர்த்துவிடுங்கள். யூஎஸ்பி கேபிளைக் காயில் கம்பிகளோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் நான் மிகவும் அஞ்சுகிற ஒன்றும் உண்டு. மேம் எமுலேட்டர் (பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கணினியில் ஓடவைக்கும் மென்பொருள்) ஆட்டத்தின் நடுவே உறைந்துபோனால், அணைக்கச் சொல்லும் செய்தி யூனோவுக்கு வந்து சேராது. கணப்பொழுது அடிப்பதற்கென்று செய்யப்பட்ட காயில் 48 வாட்டில் தொடர்ந்து எரியும், அதுவும் மரப்பெட்டிக்குள். ஆகவே எந்தச் செய்தி வந்தாலும் 50 மில்லிவினாடிக்கு மேல் சாலினாய்டு பின்னை உயர்நிலையில் வைக்காதபடி யூனோவின் நிரலிலேயே வரம்பு எழுதுங்கள். யூனோவே உறைந்துபோகலாம் என்பதால், காயில் வரிசையில் 1 ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ் ஒன்றும் கட்டாயம். குறுகிய அடிகளை அது தாங்கும், 2 ஆம்பியர் விடாமல் ஓடினால் உருகிவிடும்.

மேம் பக்கத்தில் வேலை குறைவு. அமைப்புக் கோப்பில் அவுட்புட் என்ற வரியை நெட்வொர்க் என்று மாற்றினால், விளக்கு, மோட்டார் ஆகியவற்றின் நிலை 8000ஆம் போர்ட்டில் எழுத்துவரிகளாக வரும். சேகாவின் 1986ஆம் ஆண்டு அவுட் ரன் ஆட்டத்தில் ஸ்டியரிங் அதிர்வுக்கென்றே தனி அவுட்புட் இருப்பதால், மோட்டார் சோதனையை அதிலிருந்து தொடங்கலாம்.

எல்லாம் முடிந்தபின் சாலினாய்டுக்குப் பதிலாக லாரிகளில் பொருத்தும் 24 வோல்ட் 5 வாட் பல்பை முதலில் இணையுங்கள். ஆட்டத்தைத் திறந்து மூடுங்கள், நடுவில் எமுலேட்டரை வலுக்கட்டாயமாக நிறுத்துங்கள், யூஎஸ்பியை உருவுங்கள். எங்கேயாவது பல்பு தேவையின்றி ஒளிர்ந்தாலோ அணையாமல் நின்றாலோ, காரணம் தெரியும்வரை காயிலை இணைக்காதீர்கள்.