கரு கலைந்த பிறகு மிச்சம் இருக்கிறதாம், டி அண்ட் சி செய்தே ஆக வேண்டுமா?

கேள்வி: எனக்கு 27 வயது. ஒன்பதாவது வாரத்தில் கரு தானாகக் கலைந்து 16 நாட்கள் ஆகின்றன. இன்னும் விட்டுவிட்டு ரத்தம் படுகிறது. கர்ப்பப்பையில் 18 மில்லிமீட்டர் அளவுக்கு மிச்சம் இருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. உடனே டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வது) செய்யச் சொல்கிறார்கள். செய்தால் அடுத்த குழந்தை தங்காது என்று மாமியார் பயந்து, தினமும் எள்ளும் கருப்பட்டியும் இடித்துத் தருகிறார். ஸ்கூட்டர் ஓட்டியதால்தான் கலைந்ததோ என்று எனக்கு மனசு உறுத்துகிறது. நான் என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்கூட்டர் ஓட்டுவதால் கரு கலையாது. முதல் மூன்று மாதத்தில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதி, உருவாகும்போதே குரோமோசோம் கோளாறோடு உருவானவை. நீங்கள் படுக்கையை விட்டு எழாமல் இருந்திருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. அந்த உறுத்தலை இன்றோடு விட்டுவிடுங்கள் அம்மா.

சரி, அந்த 18 மில்லிமீட்டர். உறைந்த ரத்தக் கட்டியும் ஸ்கேனில் திசு மாதிரியேதான் தெரியும். டாப்ளர் ஸ்கேன் வைத்துப் பார்க்கும்போது அதற்குள் ரத்த ஓட்டம் இருந்தால், திசு சுவரில் ஒட்டியிருக்கிறது என்ற சந்தேகம் வலுக்கும். இல்லாவிட்டால் வெறும் கட்டியாகவும் இருக்கலாம். அதனால் அளவை மட்டும் வைத்து நான் முடிவெடுப்பதில்லை. ரத்தப்போக்கு கூடுகிறதா குறைகிறதா, காய்ச்சல் உண்டா, ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதையும் சேர்த்துத்தான் பார்ப்பேன்.

ரத்தப்போக்கு குறைந்துகொண்டே வந்து, காய்ச்சலும் இல்லையென்றால், இன்னும் ஒரு வாரம் பொறுத்து மறுபடி ஸ்கேன் எடுக்கலாம். பலருக்கு அடுத்த மாதவிலக்கோடு தானாகவே வெளியேறிவிடும். ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது மிசோபிரோஸ்டால் மாத்திரை. கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து மிச்சத்தை வெளியே தள்ளும். சில மணி நேரத்தில் மாதவிலக்கைவிடக் கடுமையான வலி, குளிர் நடுக்கம், வயிற்றுப்போக்கு வரலாம். வலி மாத்திரையையும் சேர்த்து வாங்கி, வீட்டில் ஒருவர் கூட இருக்கும் நாளில் போட்டுக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். நாள்பட்டு ஒட்டிக்கொண்ட திசுவுக்கு மாத்திரை சில சமயம் கேட்காது.

இப்போது உங்கள் மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. கூரான கருவியால் அழுத்திச் சுரண்டும் பழைய முறையில், அதுவும் திரும்பத் திரும்பச் செய்தால், கர்ப்பப்பையின் உள்சுவர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மாதவிலக்கே குறைந்துபோவது உண்டு. அதனால்தான் சுரண்டுவதற்குப் பதிலாக உறிஞ்சி எடுக்கும்படி உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. 60 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்று, அதன் முனையில் மெல்லிய குழாய், அவ்வளவுதான் கருவி. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எடுத்ததை வடிகட்டியில் அலசி, கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பார்ப்போம். ரத்தக்கட்டி உதிர்ந்துவிடும், நஞ்சுக்கொடித் திசு மட்டும் வெள்ளைப் பஞ்சைப் பிரித்துவிட்டது போல மிதக்கும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி. அப்புறம் அதைப் பரிசோதனைக்கும் அனுப்புவோம், நஞ்சுக்கொடித் திசு கோளாறாக வளரும் முத்துப்பிள்ளைக் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய.

ஆக, மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: "உறிஞ்சி எடுப்பீர்களா, சுரண்டுவீர்களா? ஸ்கேன் பார்த்துக்கொண்டே செய்வீர்களா?" நாள்பட்டு ஒரே இடத்தில் ஒட்டியிருந்தால், ஹிஸ்டரோஸ்கோப்பி மூலம் உள்ளே கேமராவில் பார்த்து அந்த இடத்தை மட்டும் எடுக்கும் வசதி பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. முறையாக ஒருமுறை சுத்தம் செய்துகொண்ட பெரும்பாலான பெண்களுக்கு அடுத்த குழந்தை சிக்கலில்லாமல் தங்குகிறது. உங்கள் ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுத்தம் செய்த 72 மணி நேரத்துக்குள், அடுத்த கர்ப்பத்தைப் பாதுகாக்கும் ஆன்டி-டி ஊசி போட வேண்டியிருக்கும்.

எள்ளும் கருப்பட்டியும் தாராளமாகச் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லதுதான். ஆனால் ஒட்டியிருக்கும் திசுவை அவை வெளியே கொண்டுவராது. அதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம்.

ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல், தாங்காத அடிவயிற்று வலி, தலைசுற்றல் வந்தாலோ, காத்திருக்கும் பேச்சே கிடையாது. நடு ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எந்த வழியில் போனாலும், மூன்று வாரம் கழித்துச் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். அப்போதும் இரண்டு கோடு வந்தால், பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். கரு கலைந்து இரண்டே வாரத்தில்கூடக் கருமுட்டை வெளியாகலாம் என்பதால், உடனே குழந்தை வேண்டாம் என்றால் அதற்கான தடுப்பு முறையையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.