ஷ்வேஷ்வேயும் பன்னாவும் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

டர்பனில் பேஷன் டிசைன் முதலாண்டு படிக்கிறேன். ஒரு டிசைனர் கடையையும் கிரே ஸ்ட்ரீட் துணிக்கடைகளையும் பார்த்துவிட்டு அறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். டிசைனர் கடையில் படம் எடுக்க விடவில்லை. துணிக்கடையில் எதைக் கேட்பதென்றே தெரியவில்லை. கீழே விரியும் ஏ-லைன் ஸ்கர்ட் தைக்க, தென்னாப்பிரிக்காவின் அச்சுப் பருத்தித் துணியான ஷ்வேஷ்வே ஒரு மீட்டர் வாங்கி வந்தேன். அது பத்தாது, துவைத்தால் சுருங்கவும் செய்யும் என்கிறார் அம்மா. 'அழகாக இருந்தது' என்பதைத் தாண்டி நான் என்ன எழுதுவது?

வாசகி, சாட்ஸ்வர்த்

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா சொன்ன இரண்டுமே சரி. உங்கள் அறிக்கைக்கான விஷயமும் அதில்தான் இருக்கிறது.

ஷ்வேஷ்வேயின் பன்னா, அதாவது துணியின் அகலம், 90 செ.மீ. ஸ்கர்ட் நீளம் 70, கீழ்ச்சுற்று 120 என்று வையுங்கள். முன்பாகம் 60, பின்பாகம் 60. இருபக்கத் தையலுக்கு 1.5 வீதம் சேர்த்தால் ஒவ்வொன்றும் 63. இரண்டையும் அடுத்தடுத்து வைக்க 126 செ.மீ. அகலம் வேண்டும். 150 பன்னாத் துணியில் ஒரே நீளத்தில் முடிந்துவிடும்: மடிப்போடு 80, இடுப்புப் பட்டிக்கு 10, மொத்தம் 90 செ.மீ. உங்கள் துணியிலோ இரண்டு நீளம் வேண்டும், அதாவது 160. பட்டியைப் பக்கத்தில் மிஞ்சும் துண்டில் எடுத்துவிடலாம். ஆகவே மீட்டர் எத்தனை ரேண்ட் என்று மட்டும் கேட்டால் போதாது. ஒரு உடைக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டால், மலிவாகத் தெரிந்த துணி சில நேரம் விலை கூடிவிடும்.

இனி சுருக்கம். ஷ்வேஷ்வே கடையில் விறைப்பாக இருப்பதற்குக் காரணம் கஞ்சி. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த காலத்தில் ஈரத்தில் கெடாமலிருக்கப் போட்டது. 1982 முதல் கிழக்கு கேப் மாகாணத்தின் ஸ்வெலிட்ஷாவில் டகாமா ஆலை தயாரித்த துணியிலும் அந்த விறைப்பை விடவில்லை, ஏனென்றால் வாங்குபவர்கள் அதைத் தொட்டுப் பார்த்துத்தான் அசலா என்று முடிவுசெய்கிறார்கள். 'த்ரீ கேட்ஸ்' என்ற பெயரில் விற்கும் ஷ்வேஷ்வேக்குப் பின்பக்கத்தில் முத்திரை இருக்கும். துவைத்தால் கஞ்சி போய் சாதாரண மெல்லிய பருத்தியாகிவிடும், நூலும் இறுகும். கடையில் பார்த்த விறைப்பை நம்பி எடுப்பான மடிப்புகள் வரைந்தால் முதல் சலவையிலேயே தொங்கிப்போகும். எனவே துவைத்த பிறகே வெட்டுங்கள். சுருக்கத்தை அளக்க, 30 செ.மீ. துண்டில் 20 செ.மீ. சதுரத்தை நூலால் தைத்துக் குறித்துவிட்டு, துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். 19 ஆகியிருந்தால் 5 சதவீதம், 70 செ.மீ. ஸ்கர்ட்டில் அது 3.5 செ.மீ. பாவையும் (நீளவாட்டு நூல்) ஊடையையும் (குறுக்குவாட்டு நூல்) தனித்தனியே அளக்க வேண்டும், பெரும்பாலும் பாவு வாட்டத்தில்தான் அதிகம் சுருங்கும்.

கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் போதும்: பன்னா எவ்வளவு, என்ன நூல், இதே சுருளில் இன்னும் எத்தனை மீட்டர் இருக்கிறது? வேறு சுருள் வேறு சாயத்தொட்டியில் தோய்ந்ததாக இருக்கலாம். தைத்தபின் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். நிறத்தை டியூப் லைட்டில் பார்க்காமல் வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். 'காட்டன்' என்று சொல்லி ரேயானைக் கொடுத்தார்களா என்ற சந்தேகம் வந்தால், எரித்துப் பார்ப்பதில் பயனில்லை. இரண்டும் காகிதம் எரிகிற வாசனைதான் தரும். ஒரு நூலை நடுவில் நனைத்து இழுங்கள். ரேயான் நனைந்த இடத்தில் சட்டென்று அறும். பருத்தி நனைந்தால் இன்னும் உறுதியாகும். பாலியஸ்டர் என்றால் எரித்தாலே தெரிந்துவிடும், உருகிக் கெட்டியான கறுப்பு மணியாகும். இதை வீட்டில், தட்டின் மேல் இடுக்கியால் பிடித்துச் செய்யுங்கள்.

டிசைனர் கடையில் படம் எடுக்க விடாதது உங்களுக்கு இழப்பில்லை. பார்க்க வேண்டியது உட்பக்கம். கேட்டுக்கொண்டு உடையைப் புரட்டிப் பாருங்கள். பக்கத்தையலில் 2 செ.மீ. விட்டிருக்கிறார்களா, பின்னால் பிரித்துப் பெரிதாக்கலாமா? ஷிபானில் வெட்டிய ஓரம் தையலுக்குள் மறைந்திருக்கிறதா? கட்டம் போட்ட துணியென்றால் இருபக்கக் கட்டமும் தையலில் சேருகிறதா? அப்படிச் சேர்க்க ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கட்டத்தின் நீளம் கூடுதலாகத் துணி போகும், உடையின் விலையில் ஒரு பங்கு அதுதான். வெளியே வந்ததும் நின்று இவற்றையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்கிய துணி வீணாகாது. ஒரு மீட்டரில் முன்பாகம் வந்துவிடும். முத்திரைப் பக்கத்தோடு அதைக் கொண்டுபோய், அதே சுருளில் இன்னும் 90 செ.மீ. வாங்குங்கள். பழையதையும் புதியதையும் ஒன்றாக ஒரே தண்ணீரில் துவைத்துவிட்டு அம்மாவோடு உட்கார்ந்து வெட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா