பளபளப்பான, கனமான சாம்பல் நிறக் கல் கலீனாதானா என்று எப்படி அறிவது? அதில் வெள்ளி இருக்குமா?

உலோகப் பளபளப்பு, உருவத்துக்குப் பொருந்தாத கனம், சதுரமாக உடையும் முனைகள் ஆகிய மூன்றும் ஒரே கல்லில் சேர்ந்திருந்தால், அது ஈயத்தின் முதன்மைத் தாதுவான கலீனாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். புவியியல் மாணவனாக இருந்தபோது ஆய்வகத் தட்டிலிருந்து இதை முதன்முறையாக எடுத்த கணத்தில் என் கை சற்றுத் தாழ்ந்துபோனது. அதன்பின் கலீனாவை அடையாளம் காண நான் கண்ணைவிடக் கையையே அதிகம் நம்புகிறேன்.

கலீனா என்பது ஈய சல்பைடு. அதன் எடையில் ஏறத்தாழ 86.6 விழுக்காடு ஈயம், எஞ்சியது கந்தகம். சாதாரண வெள்ளைக் குவார்ட்சு கல்லின் ஒப்படர்த்தி (நீரைப்போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்னும் அளவு) 2.65 என்றால் இதற்கு 7.4 முதல் 7.6 வரை இருப்பதால், அதே அளவுள்ள கல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு எடையுடன் இருக்கும். படிக அமைப்போ நம் சமையலறைக் கல்லுப்பின் அமைப்பேதான். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளிலும் அது மிகச் சீராகப் பிளவுபடுவதால், சுத்தியலால் தட்டினால் சிறு கனசதுரங்களாக உதிர்கிறது. அவற்றை மேலும் உடைத்தாலும் கனசதுரங்களே கிடைக்கின்றன. உடைந்த முகம் புதிதாக இருக்கும்போது கண்ணாடிபோல் மின்னும். நாளடைவில் காற்றுப்பட்டு மங்கிவிடும். கனிமங்களின் கடினத்தன்மையை 1 முதல் 10 வரை குறிக்கும் மோ அளவில் இதற்குச் சுமார் 2.5 மட்டுமே என்பதால் செம்புத் துண்டாலேயே கீறலாம். மெருகிடாத பீங்கான் ஓட்டில் தேய்த்தால் ஈயச் சாம்பல் நிறக் கீற்று விழும்.

சாம்பல் நிறத்தில் மின்னும் வேறு சில கனிமங்களோடு கலீனாவைக் குழப்பிக்கொள்ளவும் கூடும். ஆனால் இரும்புத் தாதுவான ஹெமடைட்டின் கீற்று செந்நிறமானது. மற்றோர் இரும்புத் தாதுவான மாக்னடைட்டைக் காந்தம் இழுக்கும். பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட் இலேசானது, விரலில் ஒட்டிக்கொள்வது. கிராஃபைட்டையும் ஈயத்தையும் நாம் ஒருங்கே ‘காரீயம்’ என்று அழைத்து வந்திருப்பதும், ரசம் வைக்கும் ‘ஈயச் சொம்பு’ உண்மையில் வெள்ளீயத்தால் ஆனது என்பதும் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகின்றன.

பெரும்பாலான கலீனா, நிலத்தடியில் சூடேறிய உப்புக் கரைசல்கள் பாறை வெடிப்புகளிலும் சுண்ணாம்புக்கல், டோலமைட் போன்ற பாறைகளின் இடைவெளிகளிலும் ஊடுருவி, தாங்கி வந்த ஈயத்தைக் கந்தகத்துடன் சேர்த்துப் படிய வைத்ததால் உண்டானது. அதே கரைசல்கள் பிற உலோகங்களையும் தாங்கி வருவதால் அது தனியாக அமைவது அரிது. துத்தநாகத் தாதுவான ஸ்பேலரைட்டுடன் சேர்ந்தே பெரிதும் காணப்படும். இந்தியாவில் இராசத்தானமே இதன் தலைமையிடம்: உதயப்பூர் அருகிலுள்ள சாவரில் டோலமைட்டுப் பாறைக்குள்ளும், பில்வாரா மாவட்டத்தின் ராம்புரா ஆகுச்சாவில் உருமாறிய பாறைகளுக்கிடையிலும் இவ்விரு தாதுக்களும் இணைந்தே கிடைக்கின்றன. தமிழகத்தில் பழைய தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த மாமண்டூரிலும் ஈயம், துத்தநாகம், செம்பு ஆகியவற்றின் சல்பைடுகள் கலந்த படிவு கண்டறியப்பட்டுள்ளது.

இனி வெள்ளி. பளபளப்புக்கும் வெள்ளிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த மினுக்கம் ஈய சல்பைடின் சொந்த மினுக்கம். இருப்பினும் கலீனாவின் படிகத்துக்குள் ஆண்டிமனி அல்லது பிஸ்மத் என்னும் தனிமத்துடன் கூட்டுச் சேர்ந்து வெள்ளி அணுக்கள் ஈயத்தின் இடத்தைப் பிடிப்பதுண்டு. வெள்ளி நிறைந்த வேறு கனிமங்கள் நுண்துகள்களாக உள்ளே சிக்கிக்கொள்வதும் உண்டு. கிரேக்கத்தின் லாரியன் சுரங்கங்கள் கொடுத்த வெள்ளி இத்தகைய ஈயத் தாதுவிலிருந்தே பிரிக்கப்பட்டது. அந்த வருவாயில் கட்டிய கப்பல்களைக் கொண்டுதான் ஏதென்ஸ் கி.மு. 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை எதிர்கொண்டது. இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவின் மிசௌரியில் கிடைக்கும் அழகிய பெரிய கனசதுரங்களில் வெள்ளி மிகக் குறைவு. எனவே உங்கள் கல்லில் எவ்வளவு வெள்ளி உண்டு என்பதை வேதியியல் பகுப்பாய்வு மட்டுமே சொல்லும். வீட்டு அடுப்பில் உருக்கிப் பார்க்க முயலாதீர்கள், ஏனெனில் கந்தக டைஆக்சைடு வாயுவும் ஈயப் புகையும் சேர்ந்து வெளியேறும். கல்லைத் தொட்டபின் கையைக் கழுவுங்கள். அதன் பொடி குழந்தைகள் கையில் படாமலும், பழைய வழக்கப்படி சுருமா என்னும் கண்மையாகக் கண்ணில் ஏறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.